மொட்டை மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது?

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கடலோரமாக எந்த விடுதியில் தங்கினாலும், அறைச் சாவியை வாங்கும்போதே ரிசப்ஷனில் இருப்பவரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவேன். “சுனாமி வந்தா எந்தப் பக்கம் போகணும்?”

கூட வரும் நண்பர்கள் சரியாக இந்த இடத்தில் இரண்டடி தள்ளி நின்றுகொண்டு மொபைலை நோண்ட ஆரம்பிப்பார்கள். எனக்குக் கிடைத்த பதில்களில் பெரிய வகையெல்லாம் கிடையாது. “அதெல்லாம் நம்ம பக்கம் வராது சார்.” “சார், நீங்க டிவியா?” ஒருமுறை, “பிரேக்ஃபாஸ்ட் எட்டரைலேர்ந்து பத்தரை வரைக்கும் சார்” என்று பதில் வந்தது. கேள்வி காதில் விழாமல் சொன்னாரா, விழுந்ததால்தான் அப்படிச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. மறக்க முடியாத பதில் வேறொன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நல்ல வாடகை வாங்கும் ஓர் இடம். என் கேள்வியைக் கேட்டதும் மேனேஜர், பக்கத்து சோபாவில் உட்கார்ந்திருந்த குடும்பத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “சார், மெதுவா. கெஸ்ட் இருக்காங்க” என்றார்.

நானும் கெஸ்ட்தான். கேள்வியே கெஸ்டைப் பற்றியதுதான். ஆனால் அவருக்கு அந்தக் கேள்வி ஒரு கெட்ட வார்த்தை மாதிரி இருந்தது. குழந்தைகள் காதில் விழக்கூடாது. இந்தக் கட்டுரை அந்த ‘மெதுவா’வுக்கு எதிரானது.

*

பழக்கம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 2004இல் எனக்குப் பதினொரு வயது, திருச்சியில் இருந்தோம். டிசம்பர் 25 ராத்திரி எங்கள் தெருவிலிருந்து ஒரு வேன் வேளாங்கண்ணிக்குப் போனது. திருச்சிக்காரர்களுக்கு அது பெரிய பயணமே இல்லை. கிறிஸ்துமஸ் முடிந்த ராத்திரி ஏறினால் விடியற்காலையில் இறங்கலாம், கடலில் ஒரு குளியல், கோவிலில் ஒரு பூசை, கடைவீதியில் மெழுகுவத்தியும் பிளாஸ்டிக் துப்பாக்கியும், சாயங்காலம் வீடு. இந்து, கிறிஸ்தவர் என்றெல்லாம் வேனில் பிரிவு கிடையாது. அந்த வேனில் என் வகுப்புத் தோழன் ஒருவனும் அவனுடைய அக்காவும் இருந்தார்கள். அக்கா திரும்பி வந்தார்.

பல வருடம் கழித்து, ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், நான் கேட்காமலேயே அவர் சொன்னார். “தண்ணி வர்றதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் நாங்க சும்மா மணல்லதான்டா உக்காந்திருந்தோம். யாராவது ஒருத்தர் வந்து சொல்லியிருந்தா நடந்தே கோயிலுக்குப் போயிருப்போம்.” பிறகு ரசம் வந்தது. பேச்சு மாறிவிட்டது.

அந்த ‘நடந்தே’ என்ற சொல் என்னை விடவே இல்லை. ஏனென்றால் கணக்கு அவர் பக்கம்தான் இருக்கிறது. சுமத்ராவின் மேற்குக் கடலடியில் பூமி பிளக்க ஆரம்பித்தபோது நம் நேரம் காலை 6:28. அளவு 9.1. பிளவு அங்கிருந்து வடக்கே அந்தமான் வரைக்கும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடியது. அதில் எழுந்த அலை வங்கக் கடலைக் கடந்து நாகப்பட்டினக் கரையைத் தொட்டபோது மணி ஒன்பதை ஒட்டி ஆகியிருந்தது. ஆழ்கடலில் ஜெட் விமான வேகத்தில் வரும் அலைக்கே இரண்டரை மணி நேரம் பிடித்தது. திருச்சியிலிருந்து வேளாங்கண்ணிக்கு வேன் எடுத்துக்கொண்ட நேரத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அந்த இரண்டரை மணி நேரத்தில் கடற்கரையில் இருந்தவர்களுக்குத் தேவைப்பட்டது சில நூறு மீட்டர் நடை. கோவிலுக்குள் பூசையில் நின்றவர்கள் பிழைத்தார்கள். மணலிலும் கடைவீதியிலும் நின்றவர்கள் நூற்றுக்கணக்கில் போனார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் 6,000க்கும் மேல்.

அவர்களில் பெரும்பான்மையினர் மீனவ மக்கள். அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், இன்னும் எழுத வேண்டியதும் நிறைய இருக்கிறது. நான் இங்கே பேச வந்தது வேனில் வந்தவர்களைப் பற்றி. அவர்கள் எந்தக் கணக்கிலும் சரியாக உட்காராதவர்கள். கடலோரத்து ஆள் இல்லை, ஆகையால் கடலோரத்துக் கிராமக் கூட்டங்களில் அவர்களுக்கு இடமில்லை. உள்நாட்டு ஆள், ஆகையால் ஊரில் யாரும் அவர்களுக்குக் கடலைப் பற்றிச் சொல்லித்தருவதில்லை. ஒரு ராத்திரிக்கோ இரண்டு ராத்திரிக்கோ கடலுக்குப் பக்கத்தில் வந்து படுத்துவிட்டுப் போகிறவர்கள். சொல்லப்போனால், நீங்களும் நானும்.

*

தாய்லாந்தில் இந்தக் கதை இன்னும் பச்சையாக நடந்தது. அந்நாட்டு வானிலைத் துறையின் தலைவராக இருந்த ஸ்மித் தம்மசரோஜா, 1998இலேயே சொன்னார்: அந்தமான் கடல் பக்கம் சுனாமி வரும் அபாயம் இருக்கிறது, புக்கெட், பாங்கா, கிராபி பகுதிகளில் முன்னேற்பாடு வேண்டும். என்ன கிடைத்தது? பைத்தியக்காரன் என்ற பட்டம். சுற்றுலாவைக் கெடுக்க வந்தவர் என்ற வசை. ஆறு வருடம் கழித்து அதே கரையில் 5,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேர் வெளிநாட்டுப் பயணிகள். ஸ்வீடன் என்ற குளிர் தேசத்திலிருந்து வெயில் காய வந்தவர்களில் மட்டும் 543 பேர் போனார்கள். அதற்குப் பிறகு அரசாங்கம் அதே தம்மசரோஜாவைக் கூப்பிட்டுப் பேரிடர் எச்சரிக்கைப் பொறுப்பைக் கொடுத்தது.

அதே புக்கெட்டில் இன்னொரு ஸ்மித்தும் இருந்தாள். டில்லி ஸ்மித், பத்து வயது, இங்கிலாந்திலிருந்து அப்பா அம்மாவோடு வந்த சுற்றுலாப் பயணி. மாய் காவ் கடற்கரையில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு விநோதமாக நடந்துகொள்வதைப் பார்த்து, இரண்டு வாரம் முன்பு பள்ளிக்கூடத்தில் புவியியல் வகுப்பில் சுனாமி பற்றி நடத்தியது ஞாபகம் வந்து, கத்தி ஆர்ப்பாட்டம் பண்ணிவிட்டாள். பெற்றோர் விடுதிக் காவலரிடம் சொன்னார்கள், கடற்கரை காலியானது, சுமார் நூறு பேர் பிழைத்தார்கள். இந்தக் கதையை எல்லோரும் ‘அதிசயச் சிறுமி’ என்று சொல்லிச் சொல்லிச் சர்க்கரைப் பாகில் முக்கிவிட்டார்கள். எனக்கு அதில் முக்கியமாகப்படுவது வேறு. விடுதிக்குள் ஒருத்தர் அவள் பேச்சைக் காதில் வாங்கினார். “மெதுவா பாப்பா, கெஸ்ட் இருக்காங்க” என்று சொல்லவில்லை.

*

சரி, இலக்கியம் படிக்கிறவர்கள் இடம் இது. நம் வீட்டுக் குப்பையையும் கொஞ்சம் கிளறலாம்.

சுனாமிக்குப் பிறகு நாம் கவிதை எழுதினோம். கல்லூரி நாட்களில் பழைய சிற்றிதழ்க் கட்டுகளைப் புரட்டும்போது 2005ஆம் வருடத்து இதழ்களில் அலை அலையாக வரும். கடல் தாயாக இருப்பாள், பிறகு பேயாகிவிடுவாள். சீற்றம், பசி, பழி, கோபம். மனிதனின் பேராசைக்குக் கடல் கொடுத்த தண்டனை என்று எழுதியவர்களும் உண்டு. துக்கத்தில் எழுதியதைப் பரீட்சைத் தாள் மாதிரி திருத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் கேட்டுப் பாருங்கள்: கடலுக்குக் கோபம் வந்தது என்றால் மனிதர் செய்வதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? கோபம் தணியக் காத்திருக்கலாம், பாலை ஊற்றலாம். ஒவ்வொரு டிசம்பர் 26ஆம் தேதியும் நம் கடற்கரைகளில் பாலும் பூவும் ஊற்றுகிறோம். இழந்தவர்கள் ஊற்றுவது வேறு, அந்தப் பாலின் முன்னால் நான் வாய் திறக்க மாட்டேன். அதே தேதியில், அதே கரையில், புத்தாண்டு பேக்கேஜ் போட்டு நிரம்பி வழிகிற விடுதிகளில் ஓர் ஆளாவது பயணிகளிடம் ஒரு வாக்கியம் சொல்கிறாரா என்பதுதான் என் கேள்வி.

சொல்லைப் பற்றியும் ஒன்று. சுனாமி ஜப்பானியச் சொல் என்று ‘ஆழிப்பேரலை’ கொண்டுவந்தோம். அழகான சொல், சந்தேகமில்லை. கல்வெட்டில் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லைத் தெரிந்துகொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியுமா? சுமத்ராவுக்கு மேற்கே சிமெலுவே என்று ஒரு தீவு. 2004 நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகே இருந்த நிலம் அது. பத்து நிமிடம் போல அவகாசம், அவ்வளவுதான். மக்கள்தொகை ஏறத்தாழ 78,000. இறந்தவர்கள் 7 பேர். 1907இல் அந்தத் தீவை ஒரு பேரலை அழித்திருக்கிறது. அதற்குப் பிறகு ‘ஸ்மோங்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பாட்டிலும் கதையிலும் வைத்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பூமி பலமாக ஆடினால், கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்காதே, மலைக்கு ஓடு. மொத்தச் செயல்முறையும் அந்தச் சொல்லுக்குள் மடித்து வைத்திருந்தது. யாரோ “ஸ்மோங்” என்று கத்தியதும் ஊரே மேலே இருந்தது.

நமக்கும் சுனாமி என்ற சொல் வந்து இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அதை வைத்து என்ன செய்தோம்? சுனாமி குடியிருப்பு, சுனாமி காலனி என்று விலாசம் எழுதினோம். படம் ஓடினால் வசூல் சுனாமி. ஆடித் தள்ளுபடிக்கு ஆஃபர் சுனாமி. ஒரு சொல்லுக்கு இவ்வளவு வேலை கொடுத்தோம், ஓடச் சொல்லும் வேலையை மட்டும் கொடுக்கவில்லை.

*

இந்த இடத்தில் வழக்கமாக ஒருத்தர் வருவார். “ஏங்க, ரோட்டு விபத்துல சாகுறவன் இதைவிட எத்தனையோ மடங்கு. உங்க வாழ்நாள்ல ஒரு சுனாமி வந்தா அதிகம். அதுக்குப் போய் டூரைக் கெடுத்துக்கிட்டு…”

புள்ளிவிவரப்படி அவர் சொல்வது சரி. நான் டூரைக் கெடுக்கச் சொல்லவே இல்லை. நான் வருடத்தில் நாலைந்து முறை கடற்கரைக்குப் போகிறவன், போய்க்கொண்டுதான் இருப்பேன். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்பேன். விமானம் கடலில் இறங்குவது எவ்வளவு அபூர்வம்? ஆனாலும் சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் விமானத்தில்கூட ஒரு பெண் எழுந்து நின்று கையை நீட்டி அவசர வழி எங்கே என்று காட்டுகிறார். லைஃப் ஜாக்கெட் சீட்டுக்கு அடியில் இருக்கிறது என்கிறார். அதைப் பார்த்துப் பயந்து யாராவது இறங்கிப் போயிருக்கிறார்களா? யாரும் கவனிப்பதுகூட இல்லை. ஆனால் சொல்வது கட்டாயம். சொல்லாமல் விமானம் கிளம்ப முடியாது. கடலுக்கு ஐம்பது மீட்டரில் கட்டில் போட்டு வாடகை வாங்குகிறவருக்கு மட்டும் இந்த இரண்டு நிமிடம் ஏன் தொழிலைக் கெடுக்கும் சமாச்சாரமாக இருக்கிறது?

பயம் காட்டினால் ஆள் வராது என்பவர்கள் ஜப்பானைப் பார்க்கலாம். கடலோரச் சாலைகளில் ‘இங்கிருந்து சுனாமி நீர் புகும் பகுதி’ என்று போர்டு வரும், இன்னும் கொஞ்ச தூரத்தில் ‘இத்துடன் முடிகிறது’ என்று அடுத்த போர்டு. 2020இல் கடற்கரைகளுக்கென்று சிவப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட கொடி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கரையில் அதை வீசினால் உடனே தண்ணீரை விட்டு வெளியேற வேண்டும். அலையின் இரைச்சலில் சைரன் கேட்காது, காது கேளாதவர்களுக்கு எப்போதுமே கேட்காது, வெளிநாட்டுக்காரருக்கு மொழி புரியாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனைக்கான செலவு ஒரு துணி.

அடுத்த ஆட்சேபம் இன்னும் மரியாதையானது. “இப்பதான் எச்சரிக்கை மையம் வந்தாச்சே?” வந்தாச்சு, பெருமைப்படும்படி வந்தாச்சு. ஹைதராபாத்தில் இன்காய்ஸ் நிறுவனத்தின் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரிலிருந்து இருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் பெரிய நிலநடுக்கம் நடந்தால் பத்து நிமிடம் போலத்தில் அவர்களிடமிருந்து முதல் அறிவிப்பு வரும். இந்தியாவுக்கு மட்டுமல்ல, சுற்றியிருக்கும் மற்ற நாடுகளுக்கும் அனுப்புகிறார்கள். 2020இல் ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாஹி என்ற இரண்டு ஊர்கள் ‘சுனாமிக்குத் தயார்’ என்று யுனெஸ்கோவின் அங்கீகாரம் வாங்கின. வெளியேறும் வழி, வரைபடம், ஒத்திகை எல்லாம் இருந்தால்தான் அது கிடைக்கும். இதையெல்லாம் செய்தவர்களை நான் குறை சொன்னால் என் வாய் வெந்துவிடும்.

ஆனால் கவனித்தீர்களா, எல்லாம் ஊருக்கு. ஊர் என்றால் பஞ்சாயத்து இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது, யார் வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார் என்று தெரிந்த பக்கத்து வீடு இருக்கிறது. 2004இலேயே, எந்த மையமும் இல்லாத காலத்தில், புதுச்சேரியின் நல்லவாடு கிராமத்தில் இது வேலை செய்தது. அந்த ஊர்க்காரர் ஒருத்தர் சிங்கப்பூரில் டிவியில் செய்தி பார்த்து ஊருக்குப் போன் போட்டார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய தகவல் மையத்தின் ஒலிபெருக்கி அங்கே இருந்தது. அறிவித்தார்கள், ஊர் காலியானது, ஆயிரக்கணக்கானவர்கள் தப்பினார்கள். ஒரு போன், ஒரு மைக் செட்டு.

அன்றைக்கு நல்லவாட்டில் ஒரு ரிசார்ட் இருந்திருந்தால் அந்த மைக்கில் சொன்னது ஏசி அறைக்குள் கேட்டிருக்குமா? கேட்டிருந்தாலும் டெல்லியிலிருந்து வந்தவருக்குத் தமிழ் புரிந்திருக்குமா? 2023இல் சோதனைக்காக எல்லார் மொபைலும் ஒரே நேரத்தில் அலறியதே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் ஹேக் பண்ணிவிட்டார்கள் என்று போனை ஆஃப் பண்ணினார்கள். மீதிப் பேர் மீம் போட்டார்கள். எச்சரிக்கை வந்து சேர்வது ஒன்று. வந்ததும் உடம்பு எழுந்து நடப்பது இன்னொன்று. இரண்டாவதை ஹைதராபாத்திலிருந்து அனுப்ப முடியாது.

எச்சரிக்கையே வராத சுனாமியும் உண்டு. 2018 டிசம்பர் 22, சனிக்கிழமை ராத்திரி, இந்தோனேசியாவின் தஞ்சுங் லெசுங் கடற்கரை விடுதியில் ஒரு நிறுவனத்தின் ஆண்டு இறுதிக் கொண்டாட்டம். மேடையில் செவன்டீன் என்ற இசைக்குழு பாடிக்கொண்டிருக்கிறது. மேடைக்குப் பின்னாலிருந்து அலை வந்து மேடையோடு அள்ளிப் போகிறது. அந்த வீடியோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அனாக் கிரகடாவ் எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்ததில் எழுந்த அலை அது. பெரிய நிலநடுக்கம் இல்லை, ஆகையால் சைரனும் இல்லை. 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இதற்கு என்ன பதில் என்றால், முழுப் பதில் கிடையாது. உயரமான இடம் எங்கே என்று முன்கூட்டியே தெரிந்தவர்களுக்குச் சில விநாடிகள் கூடுதலாகக் கிடைக்கலாம். அவ்வளவுதான் என்னால் நேர்மையாகச் சொல்ல முடியும்.

*

விடுதிக்காரரை இவ்வளவு திட்டிவிட்டு நம்மை விட்டுவிடுவது நியாயமில்லை. நாமும் கேட்க விரும்பவில்லை. அறை எடுப்பதற்கு முன்னால் நீச்சல் குளம் எத்தனை மணி வரை, வைஃபை வேகம் என்ன, ‘சீ வியூ’ உண்மையிலேயே சீ வியூதானா என்று இருபது ரிவ்யூ படிக்கிறோம். அந்த சீ வியூவுக்குத்தான் கூடுதல் காசும் கொடுக்கிறோம்.

தெரிந்திருப்பதும் அரைகுறை. ‘கடல் உள்வாங்கினால் ஓடு’ என்பது ஒன்றுதான் எல்லோருக்கும் தெரியும். 2004இல் சுமத்ராவுக்குக் கிழக்கே, தாய்லாந்துப் பக்கம், கடல் முதலில் உள்வாங்கியது உண்மை. மேற்கே, இலங்கைக்கும் நமக்கும், முதலில் வந்தது ஏற்றம்தான். கடல்தரை எந்தப் பக்கம் உயர்ந்தது, எந்தப் பக்கம் தாழ்ந்தது என்பதைப் பொறுத்த விஷயம் அது. கடல் உள்வாங்கட்டும் என்று காத்திருப்பவரின் காலடியில் தண்ணீர் நேராக ஏறும். முதல் அலை சுமாராக வந்து திரும்பிப் போகும்போதுதான் கடல் பின்வாங்கித் தரை தெரியும். மாமல்லபுரத்தில் அப்படித் தெரிந்த பாறை வரிசையைப் பற்றி, மூழ்கிய கோவில்களைப் பற்றி, நாம் எவ்வளவு பரவசமாகப் பேசியிருக்கிறோம்! தொல்லியல் துறை பிறகு அங்கே தேடவும் செய்தது. ஆனால் கடல் விலகித் தரை தெரிகிற அந்த நிமிடங்களில் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பவருக்கு முன்னால் அடுத்த அலை இருக்கிறது.

அடுத்த அலை பெரிதாக இருக்கலாம் என்பது தெரியாததற்குக் கொடுத்த விலைதான் இலங்கையின் பெரலிய. கொழும்பிலிருந்து தெற்கே போன ‘சமுத்திர தேவி’ ரயில். அன்று பௌர்ணமி, போயா விடுமுறை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வேறு, கூட்டம். முதல் அலையில் ரயில் நின்றது. ரயில் உயரமானது, கனமானது என்று நம்பி அந்தப் பகுதி மக்களும் பிள்ளைகளோடு ஏறிக்கொண்டார்கள். இரண்டாவது அலை பெட்டிகளைப் புரட்டிப் போட்டது. அந்த ஒரு ரயிலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள்.

நம் ஆட்கள் இப்போது அந்தமானுக்கு நிறையப் போகிறார்கள். ஹனிமூன், ஸ்கூபா, ரீல்ஸ். அங்கே கணக்கு தலைகீழ். சென்னையில் நிற்பவருக்குச் சுமத்ராவின் அதிர்வு லேசாகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. இங்கே அரசாங்க எச்சரிக்கைதான் முதல் தகவல், இரண்டு மணி நேரமும் இருக்கிறது. அந்தமான் நிக்கோபாரோ அந்தப் பிளவின் மேலேயே இருக்கிறது. இந்தியாவின் மிக அபாயமான நிலநடுக்க மண்டலங்களில் ஒன்று. 2004இல் இந்திரா முனைக் கலங்கரை விளக்கம் நின்ற தரையே நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கடல் அதன் காலைச் சூழ்ந்துவிட்டது. அங்கே கடலோரத்தில் பூமி நிற்க முடியாத அளவுக்கு ஆடினாலோ, நீண்ட நேரம் ஆடினாலோ, அந்த ஆட்டம்தான் சைரன். மெசேஜ் வரும் வரைக்கும் உட்கார்ந்திருக்கக்கூடாது. சின்ன அந்தமானின் ஓங்கி மக்கள் அன்றைக்கு மேட்டுக்குப் போய்த் தப்பினார்கள். அதே தீவில், வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களின் ஹட் பே பகுதி அடிவாங்கியது. இதைப் ‘பழங்குடி ஞானம்’ என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்வது நம் வழக்கம். அவர்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நமக்கு யாரும் சொல்லவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

2012 ஏப்ரல் 11 ஞாபகமிருப்பவர்கள் இருப்பீர்கள். மத்தியானம், சுமத்ரா பக்கம் 8.6. சென்னையில் கட்டடங்கள் ஆடின, எல்லோரும் தெருவுக்கு வந்தோம். எச்சரிக்கை வந்தது, பிறகு திரும்பப் பெறப்பட்டது. கடல்தரை மேலும் கீழுமாக அசையாமல் பக்கவாட்டில் நழுவியதால் பெரிய அலை எழவில்லை. அன்றைக்கு நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். பசங்க ஒரு கூட்டமாகக் கிளம்பினார்கள். எங்கே என்று கேட்டேன். “பீச்சுக்கு மச்சி, சுனாமி பாக்க.”

*

போன மார்ச்சில், கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஒரு விடுதி. தூக்கம் வராமல் ராத்திரி ஒரு மணிக்குக் கீழே வந்தேன். ரிசப்ஷனில் ஓர் இளைஞர் மட்டும் இருந்தார். அசாம்காரர், வந்து எட்டு மாதம் ஆகிறதாம். தமிழ் நன்றாகவே வந்தது. பழக்க தோஷத்தில் கேட்டேன்.

“சுனாமின்னா?” என்றார்.

நிலநடுக்கம் என்றதும் முகம் தெளிந்தது. “பூகம்பம் தெரியும்ணா. எங்க ஊர்ல நிறைய வரும். வீட்ட விட்டு வெளிய ஓடிரணும்.” இங்கே வெளியே என்றால் எது என்று இரண்டு பேரும் யோசித்தோம். கிழக்கே கடல். மேற்கே சாலை, சாலையைத் தாண்டினால் பக்கிங்காம் கால்வாயும் கழிவெளியும். கடல் ஏறினால் அதிலும் தண்ணீர் ஏறும். பக்கத்தில் பாலம் எங்கே இருக்கிறது என்று மொபைலில் வரைபடத்தை விரித்துப் பார்த்தோம். நடந்து போகிற தூரம் இல்லை. அவர் படுக்கும் இடம் ஜெனரேட்டருக்குப் பின்னால், தரைத்தளம், கடல் பக்கம். இன்னும் நாலு பேர் அங்கேதான் படுக்கிறார்களாம்.

2004இல் நம் கரையில் பெரும்பாலான இடங்களில் தண்ணீர் ஏறிய உயரம் இரண்டிலிருந்து ஐந்து மீட்டர் வரைதான் என்று சொன்னேன். அவர் அண்ணாந்து கட்டடத்தைப் பார்த்தார். கான்கிரீட், மூன்று மாடி. “அப்ப மேலதான்ணா?” என்றார். மேலேதான் என்றேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு அவரே முன்னால் ஏறினார். மூன்றாவது மாடி தாண்டி, பழைய மெத்தைகள் அடுக்கியிருந்த படியில் பக்கவாட்டாக நுழைந்து, மொட்டை மாடிக் கதவுக்குப் போனோம்.

பூட்டியிருந்தது.

“பசங்க மேல போய்த் தண்ணியடிக்கிறாங்கன்னு பூட்டிட்டாங்கண்ணா.”

“சாவி?”

“மேனேஜர் சார்கிட்ட.”

“அவர் எங்க இருக்கார்?”

“ஏழு மணிக்குக் கிளம்பிருவார். வீடு திருப்போரூர்.”

டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு, அவர் பூட்டை இரண்டு கையாலும் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.